லைனிங்குக்கு அடியில் புளிமா

எழுதத் தெரிந்தவர்கள் உட்காருகிற இடத்தில் நான் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்புதான். பன்னிரண்டாவது முடித்ததும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போய்விட்டேன். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேசவே வராதவள் எழுத மட்டும் வந்துவிட்டாளா என்று நீங்கள் கேட்கலாம். சிலருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. நேரில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

என் வேலை மார்க்கிங். வெட்டிய தோல் துண்டுகள் டிரேயில் வரும். அவற்றின் மேல் அட்டையை வைத்து, தையல் எங்கே போக வேண்டும் என்று சில்வர் பேனாவால் கோடு போட வேண்டும். பிறகு துண்டுகள் மெஷினுக்குப் போகும். தோலின் வழவழப்பான பக்கத்தில் அந்தக் கோடு துடைத்தால் போய்விடும். சொரசொரப்பான உள்பக்கத்தில் பட்டால் லேசில் போகாது. ஆனால் உள்பக்கத்தை லைனிங் மூடிவிடும் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. இந்தக் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மகள் நர்சிங் படிக்க விடுதிக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். கம்பெனியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பாஸ் பண்ணினால் சொல்லிக்கொள்ளலாம், பண்ணாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போகட்டும் என்று எண்ணம். மற்ற தாள்கள் எல்லாவற்றையும் எப்படியோ தாண்டிவிட்டேன். யாப்பிலக்கணம் மட்டும் இரண்டு தடவை காலை வாரியது. படித்து முடிக்கக் கொடுத்திருந்த காலம் தீரப்போகிறது, இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி. அதிலும் விட்டால் மற்ற தாள்களில் தேறியதும் வீண்.

இவ்வளவு தெரிந்தும் நான் படிக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் முழுக்க ஏதாவது செய்துகொண்டேதான் இருந்தேன். யாப்பு புத்தகத்தைத் திறந்தால் நூலகத்தில் எடுத்த நாவலைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் ஞாபகம் வரும். கடலோர ஊர் ஒன்றைப் பற்றிய தடிமனான நாவல். கடலை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சோறு கொதிக்கும்போது, துணி ஊறும்போது என்று அதை முடித்துவிட்டேன். யாப்புக்கு கைடு வாங்கப் போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூருக்குப் பஸ் ஏறினேன். லாங் பஜார் நெரிசலில் தள்ளுவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் நுழைந்து வெளியே வந்தபோது கையில் கலர் பென்சில் டப்பா இருந்தது. கைடு இல்லை.

பிறகு கால அட்டவணை போட்டேன். கிழமைக்கு ஒரு நிறம். ஓரத்தில் அழகுக்கு ஒரு மாங்கிளை. யாப்பில் தேமா, புளிமா என்று வாய்பாடு உண்டு. தேமா என்றால் தித்திக்கும் மா, புளிமா என்றால் புளிக்கும் மா. சரி, படித்த மாதிரியும் ஆயிற்று என்று இரண்டையும் வரைந்தேன். தேமாவின் மேல் விழுகிற வெளிச்சம் சரியாக வரவில்லை என்று மூன்று சாயங்காலம் அழித்து அழித்துப் போட்டேன். எந்தச் சொல் தேமா, எந்தச் சொல் புளிமா என்று மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் வேலை முடிந்து வந்து பார்த்தார்.

“படிக்கிறியா, படம் போட்றியா?”

“இதுவும் பாடம்தான்.”

“நல்ல பாடம். பரீட்சைல மாங்கா போடச் சொன்னா நீதான் ஃபர்ஸ்ட்டு.”

கேலிதான் செய்தார். ஆனால் அந்த வாரம் முழுக்க ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரங்களை அவர்தான் கழுவினார்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் படிக்க முடியவில்லை என்றால் வேலையிலேயே மனப்பாடம் செய்துவிடலாம் என்று தோன்றியது. கோடு போட்டு முடித்த துண்டைத் திருப்பி, உள்பக்கத்தில் சில்வர் பேனாவால் ‘நேர் நேர் தேமா’ என்று எழுதுவேன். அடுத்த துண்டில் ‘நிரை நேர் புளிமா’. அதற்கடுத்து கூவிளம், கருவிளம். எழுதுகிற வேகத்தில் பக்கத்தில் ஒரு சின்ன மாங்காயும் வந்துவிடும், சில சமயம் ஒரு சிட்டுக்குருவியும். லைனிங் மூடிவிடும், யார் பார்க்கப்போகிறார்கள்? தப்புதான். எத்தனை ஜோடியில் எழுதினேன் என்று தெரியாது. அவை கப்பலேறிப் போய்விட்டன. எந்த ஊரிலோ யாரோ என் புளிமாவின் மேல் கால் வைத்து நடந்துகொண்டிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்ட்டிகிள் மாறியது. மாடலைத்தான் ஆர்ட்டிகிள் என்போம். வெயில் தேசத்துக்குப் போகிற லேசான ஷூ, லைனிங் கிடையாது. காலையிலேயே சொல்லியிருந்தார்கள், நானும் தலையாட்டியிருந்தேன். ஆனால் கை பழைய கையாகவே இருந்தது. ஒரு டிரே முழுக்க எழுதி அனுப்பிவிட்டேன்.

செக்கிங் டேபிளில் இருப்பவள் என் தெருக்காரி, உருது பேசும் வீட்டுப் பெண். என்னோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள். அவள் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாகப் படித்தாள்.

“புளி... மா. ஏய், யாரு புளிச்ச மாவு கட்டிக்கினு வந்தது?”

லைனே சிரித்தது.

சூப்பர்வைசர் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், எல்லாருக்கும் மேடம். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு கட்டிங் செக்ஷனுக்குப் போன் போட்டார். “புளிமான்னு எதனா ஆர்ட்டிகிள் ஓடுதா?” அந்தப் பக்கத்திலிருந்து “எந்த சைஸ் மேடம்?” என்று கேட்டது எங்களுக்கே கேட்டது.

“யார் எழுதனது இது?”

எழுந்து நின்றேன். இருபத்தைந்து வருஷத்தில் யாரும் கூப்பிடாமல் நானாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

“நான்தான் மேடம். பரீட்சைக்கு.”

“இன்னா பரீட்சை?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை தேர்வு என்பதையும், இது கடைசித் தடவை என்பதையும், இரண்டு தடவை ஃபெயில் ஆனதையும். மெஷின்கள் நின்றிருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

“வாயில தையல் போட்டுக்கினு வந்தவன்னு நெனச்சேன்,” என்றாள் தெருக்காரி. “பி.ஏ. படிக்கிறியா தோஸ்த்? எங்கிட்டயுமா சொல்லல?”

மேடம் துண்டை டிரேயில் திருப்பி வைத்தார். மெமோதான் என்று நினைத்தேன். “டீ டைம் முடியறதுக்குள்ள இது சுத்தமாகணும்க்கா. ஆகலன்னா நான் எழுதித்தான் ஆகணும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பசையைத் தேய்த்து எடுக்க கிரேப் ரப்பர் கட்டி ஒன்று எல்லாரிடமும் இருக்கும். நான் டிரேயை இழுத்துத் தனியாகத் தேய்க்க ஆரம்பித்தேன். டீ மணி அடித்தது. தெருக்காரி டீயோடு வந்து உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். பிறகு மெஷினில் இருந்த இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

“சும்மா தேய்க்க மாட்டேன்,” என்றாள் அவள். “இன்னா எழுதிக்கிறன்னு சொல்லு.”

சொல்லை அசையாக வெட்டுவது என்றேன். நாம் தோலை வெட்டுகிற மாதிரிதான். ஓர் எழுத்து தனித் துண்டாக நின்றால் நேர், குறிலில் தொடங்கி இரண்டு ஒட்டி வந்தால் நிரை. புள்ளி வைத்த எழுத்துக்குக் கணக்கில்லை. நேரும் நேரும் சேர்ந்தால் தேமா. ஆம், பூர். ஆம்பூர் தேமா.

“வேலூரு?”

“அதுவும் தேமா.”

“மேடம்?”

“மே, டம். தேமா.”

“தித்திக்கிற மாங்காவா அது? கொஞ்சம் மெதுவா பேசு, காதுல வுழுந்தா பேஜாராயிடும்.” பிறகு யோசித்துக் கேட்டாள். “பிரியாணி?”

நானே விரல் விட்டுப் பார்த்துத்தான் சொன்னேன். பிரி, யா, ணி. நிரை நேர் நேர்.

“புளிமாங்காய்.”

“அடிப்பாவி! ஆம்பூர்ல குந்திக்கினு பிரியாணியப் புளிமாங்கான்னு சொல்றியே.”

“கூட வெக்கிற கத்திரிக்கா புளிப்புதானே,” என்றாள் மெஷின்காரி ஒருத்தி. டீ மேலே தெறிக்கச் சிரித்தோம்.

எத்தனை படித்தும் எனக்கு மனதில் நிற்காதது வெண்பாவின் கடைசிச் சீருக்கான நாலு வாய்பாடு. நாள், மலர், காசு, பிறப்பு. ஒரு துண்டில் அதுவும் இருந்தது. இது மட்டும் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது என்றேன். தெருக்காரி சுற்றிலும் பார்த்து, கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினாள்.

“தோலு?”

“தோல்னு எழுதினா, நாள்.”

“துணி?”

“மலர்.”

“லேசு?”

“காசு.”

“செருப்பு?”

செருப், பு. “பிறப்பு.”

“அவ்ளோதானே. தோல், துணி, லேசு, செருப்பு. தெனம் தொட்றது. இதுக்கா ரெண்டு வாட்டி ஃபெயிலான?”

மணி அடித்தபோது இரண்டு துண்டு மட்டும் சுத்தமாகவில்லை. மேடம் வந்து அந்த இரண்டையும் தனியே எடுத்தார். கட்டிங்கில் மறுபடி வெட்டச் சொன்னார். நோட்டில் ‘மார்க்கிங் தவறு’ என்று எழுதினார், பெயர் எழுதவில்லை. பிறகு என் பக்கம் திரும்பாமலே, “சனிக்கிழமை லீவு எழுதிக் குடுங்கக்கா. வெள்ளிக்கிழமை அரை நாளும் சேத்து எழுதுங்க. படம் போடாம படிங்க,” என்றார். மாங்காயையும் பார்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் படித்தேன். கலர் பென்சில் டப்பாவை எங்கள் வீட்டுக்காரர் வண்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டி எடுத்துப்போய்விட்டார். அதற்கும் நன்றிதான்.

சனிக்கிழமை தேர்வில் அந்த நாலு வாய்பாடும் வந்தது, எடுத்துக்காட்டோடு எழுதச் சொல்லி. புத்தகத்தில் இருந்த எடுத்துக்காட்டு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தோல், துணி, லேசு, செருப்பு என்று எழுதினேன். லேசு என்று எழுதும்போது, ஷூ கயிறு தமிழ்ச் சொல்தானா என்று ஒரு நிமிஷம் பேனா நின்றது. எளிது என்கிற பொருளிலும் லேசு உண்டே என்று எழுதிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் முடிவு வந்தது. என் போனில் திறக்கவில்லை, தெருக்காரியின் போனில்தான் பார்த்தோம். பாஸ். அவள் டேபிள் மேல் ஏறாத குறையாக லைன் முழுக்கக் கத்திச் சொன்னாள். எனக்கு ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது, ஆனால் ஒளியவில்லை. மேடம் கை கொடுத்தார். நன்றி என்ற ஒரு சொல் எனக்கு அப்போதும் வாயில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் ஏழே முக்கால் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஓடியது லைனிங் வைத்த ஆர்ட்டிகிள்; உள்பக்கத்தில் என்ன எழுதினாலும் மூடிவிடும்.