அக்கா சத்தமாகச் சொன்ன சொற்கள்

முதலாம் ஆண்டு நினைவு மலரில் அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். எழுதலாமா, வேண்டாமா என்று பலநாள் தயங்கினேன். எழுதினால் அக்காவின் பெருமையோடு என் வெட்கமும் வெளியே வரும். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்கா பிறந்தது வன்னியம்பட்டியில். படித்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், பள்ளி இறுதி வரை. அப்பா பட்டாளத்திலிருந்து விடுமுறையில் வந்தபோது ஒரு டிரான்சிஸ்டர் கொண்டுவந்தார். ஆங்கிலம் கற்பவர்களுக்காகவே ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசிக்கும் அறிவியல் செய்தி, ஒரு வெளிநாட்டு வானொலியில் வரும். வால் நட்சத்திரம், செயற்கைக்கோள், ஓசோன் படலத்து ஓட்டை எல்லாம் எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. வாசிப்பவர் நிறுத்தும் இடத்தில் அக்கா அதே இழுவையோடு திருப்பிச் சொல்வார். பின்னாலேயே நான்.

‘பிளானட்’ என்னும்போது முதல் எழுத்தில் காற்று வெளியே வர வேண்டும் என்பது அக்காவே கண்டுபிடித்தது. அதற்காக உள்ளங்கையில் திருநீறு வைத்து வாயருகே பிடித்துக்கொண்டு சொல்வார். திருநீறு பறந்தால் உச்சரிப்பு சரி.

“ஏட்டி, சாமி திருநீறயா ஊதி வெளையாடுதிய? இங்கிலீசு வந்துட்டா எந்தச் சீமைக்குப் போகப் போறிய?” என்று அம்மா சத்தம் போடுவார்.

“சந்திரனுக்கும்மா. நீ கட்டுச்சோறு கட்டி வையி” என்பார் அக்கா.

அக்காவின் கையில் திருநீறு பறக்கும். என் கையில் அசையாது. தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று நான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வேன்.

அத்தானைக் கைப்பிடித்து இராஜபாளையம் வந்த அக்கா, பேண்டேஜ் துணி ஆலையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். குழந்தை இல்லையே என்று கேட்டவர்கள் வீட்டு விசேஷத்திலும் முதல் ஆளாக அரிவாள்மனை முன் உட்கார்ந்தவர் அவர். என் கணவர் பட்டாளத்தில் இருந்ததால் நானும் மகளும் அக்கா வீட்டு மாடியிலேயே குடியிருந்தோம்.

மகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கும் காலம் வந்தது. தாய்க்கு ஆங்கிலம் வராவிட்டால் அங்கே இடம் கிடைக்காது என்று ஊருக்குள் பேச்சு. துணைக்கு அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டாள் என்று தலைமை ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டார். இவ்வளவுதான் கேள்வி. நான் மகளின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்யத் தொடங்கினேன். என் முகத்தைப் பார்த்த அக்கா, வானொலிக்காரரைப் போலவே நிறுத்தி நிறுத்தி, “தி சைல்ட்... அப்சார்ப்ட்... டூ இட்லீஸ்” என்றார். செடியின் வேர் தண்ணீரை உறிஞ்சுவதற்கு அறிவியல் செய்தியில் வந்த சொல் அது. சாப்பிடுவதற்கு ஆங்கிலம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது வானொலிதான்.

அலுவலகத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை.

“டீச்சர், வானத்துல உள்ளதுக்கெல்லாம் எங்களுக்கு இங்கிலீசு தெரியும். அடுப்படியில உள்ளதுக்குத்தான் தடுமாறுது. பிள்ளையச் சேத்துக்கிடுங்க. அவகிட்ட நாங்க படிச்சுக்கிடுதோம்.”

“ஒங்க தங்கச்சி வாயே தொறக்கலையே?”

“அவளுக்கு என்னைய விட நல்லாத் தெரியும் டீச்சர். வெளிய வர வெக்கப்படுது, அம்புட்டுதான்.”

இடம் கிடைத்தது. ஆனாலும் வழியெல்லாம் நான் அக்காவுக்கு நாலடி முன்னாலேயே நடந்தேன். அக்கா பேசியதை நினைத்து முதலில் வெட்கம். வீடு வந்து சேர்வதற்குள் என்னை நினைத்தே வெட்கம். மகள் படித்து வந்து ‘ஸ்பூன்’, ‘டவல்’ என்றால் அக்கா உடனே உரக்கத் திருப்பிச் சொல்வார். நான் அப்போதும் உதட்டை மட்டுமே அசைத்தேன்.

போன ஆண்டு அக்காவுக்கு வயிற்றுவலி முற்றி மதுரை மருத்துவமனையில் சேர்த்தோம். அத்தான் மருந்து வாங்கப் போயிருந்த நேரம், தமிழ் தெரியாத வடநாட்டு டாக்டர் வந்தார். வலி எங்கே தொடங்கியது, எப்படிப் பரவுகிறது என்று என்னிடம் கேட்டார். அத்தனை சொல்லும் எனக்குத் தெரியும். தப்பாகச் சொல்லி வைத்தியம் மாறிவிட்டால்? சரியாகவே சொல்லி, உச்சரிப்பைக் கேட்டு அவர் முகம் சுளித்தால்? நான் நின்றுகொண்டே இருந்தேன். அப்போது கட்டிலிலிருந்து, “தி பெயின்... பிகேன்... ஆன் தி லெஃப்ட் சைடு...” என்று அக்காவின் குரல் கேட்டது. பழைய வானொலி நிதானத்தில், இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு, முழுவதையும் அவரே சொல்லி முடித்தார். டாக்டர் குனிந்து கேட்டுக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

அவர் போனதும் அக்கா என் கையைப் பிடித்தார். “எதுக்குட்டி அழுத? செத்த நேரம் பொறுத்திருந்தா நீயே சொல்லியிருப்ப.”

சொல்லியிருப்பேனா? இந்த ஓராண்டாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்காவை அன்போடு கவனித்த செவிலியர்களுக்கும், பொறுமையாகக் காதுகொடுத்த அந்த டாக்டருக்கும், வேலை முடிந்த கையோடு மதுரைக்கு பஸ் ஏறி வந்து மாறி மாறித் துணை இருந்த ஆலைத் தோழிகளுக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று காலை அக்காவின் படத்தின் முன் கும்பிட்டு நின்றபோது, மகள் என் உள்ளங்கையில் திருநீற்றை வைத்தாள். “பெரியம்மா மாதிரி சொல்லும்மா” என்று ஜன்னலையும் திறந்துவிட்டாள்.

“பிளானட்” என்றேன். வாசலில் நின்ற பால்காரர் திரும்பிப் பார்த்தார். திருநீறு கொஞ்சம் பறந்தது. மீதியை நெற்றியில் இட்டுக்கொண்டேன்.