வராத விமானத்துக்கு எடை போட்டவர்

மலாக்காவில், காஜா பெராங் சாலையில் நான் டைப்பிஸ்டாக வேலை பார்த்த டிக்கெட் கடையின் வாசலில் ஒரு மேடைத் தராசு இருந்தது. கொப்பரை மூட்டை நிறுப்பதற்கென்று செய்தது. ஆள் நிற்கும் அளவுக்குப் பலகை, பக்கத்தில் இரும்புத் தண்டு, அதில் தள்ளிவிடும் குண்டு. பக்கத்துக் கொப்பரைக் கிடங்கில் பழசாகிப் போனதை எங்கள் முதலாளி கேட்டு வாங்கி, இரண்டு பேரை வைத்துத் தூக்கி வந்து அஞ்சடியில், அதாவது கடை முன்னால் ஐந்தடி அகலத்துக்கு விடுகிற நடைபாதையில், போட்டுவிட்டார். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. கப்பல் டிக்கெட் விற்கும் கடைக்குத் தராசு எதற்கு என்று தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அந்தப் பலகையில் ஏறி நின்றவர்கள் போக நினைத்த விமானம் அப்போதும் இல்லை, பிறகும் வரவில்லை.

முதலாளி நாகூர்ப் பக்கத்துக்காரர். பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் மெட்ராஸுக்கும் போகிற கப்பலுக்கு டிக்கெட் எழுதுவார். எங்கள் ஊர் பத்து பெரெண்டாம் விமானத் திடலிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பறந்த சின்ன விமானத்துக்கும் எப்போதாவது எழுதுவார். நான் சேருவதற்கு முந்தைய வருஷம் அவருடைய தகப்பனார் ஊரில் மௌத்தாகிவிட்டார். தந்தி ஒரே நாளில் வந்துவிட்டது. இவர் பினாங்கு போய், கப்பலுக்குக் காத்திருந்து, கடலைத் தாண்டி வீட்டு வாசலை மிதித்தபோது நாற்பதாம் நாள் பாத்திஹாவும் முடிந்திருந்ததாம். அதிலிருந்து அவருக்கு ஒரே பேச்சுத்தான்: மலாக்காவிலிருந்து மெட்ராஸுக்கு நேராக ஒரு விமானம் வேண்டும். விமானக் கம்பெனிக்கு அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்த கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. கடைசியில் ஒரு பதில் வந்தது. அந்தத் தடத்தில் பறக்கப் போதுமான ஆட்கள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். எங்கள் முதலாளி ஒரு முறை சிங்கப்பூருக்குப் பறந்திருக்கிறார். அந்தக் காலத்தில் சின்ன விமானத்தில் ஏறுமுன் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். அந்த ஒரு பயணத்தில் அவர் கற்றுக்கொண்டது, விமானக்காரனுக்கு எடைதான் எல்லாம் என்பது. “பேரை யார் வேணும்னாலும் எழுதிடலாம் தங்கச்சி. எடை போட்டா ஆளு நெசமா வந்து நின்னாருன்னு அர்த்தம். அப்புறம் அவன் எப்படி இல்லைன்னு சொல்லுவான்?” என்றார். ஆளுக்கு ஒரு சீட்டு. அதில் பெயர், ஊர், எத்தனை கட்டி எடை (ஒரு கட்டி இன்றைய கணக்கில் அறுநூறு கிராம்), கீழே கையெழுத்து அல்லது கைநாட்டு. எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனால் வாயை மூடிக்கொண்டு சீட்டு அடித்தேன்.

முதல் ஆளாகத் தராசில் ஏறியவர் என் வீட்டுக்காரர். பஸ்ஸில் கண்டக்டர் வேலை, சட்டைப் பையில் எப்போதும் பென்சில். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவருடைய தாயார் இருந்தார். எட்டு வருஷமாக மகனைப் பார்க்கவில்லை. எண்பத்தெட்டுக் கட்டி இருந்தார். “பொண்டாட்டி சோறு போடுறாளா இல்லியா?” என்று முதலாளி கேட்டதில் நான் கொஞ்சம் கோபப்பட்டேன். அதற்குப் பிறகு கூட்டம் சேர்ந்துவிட்டது. முடிதிருத்துகிறவர், மசாலை அரைக்கிறவர், செங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக் குடும்பங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பூராவும் வருவார்கள். நூறு கட்டி ஒரு பிக்குல். அதைத் தாண்டினவர்களுக்கு அன்று முழுவதும் கேலிதான். பெண்கள் ஆண்கள் முன்னால் ஏறமாட்டோம் என்றதும் முதலாளி ஒரு சாக்குத் திரை கட்டி, குண்டு தள்ளுகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டார். எடையை உரக்கச் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை. திரைக்குப் பின்னால் பலகையில் நின்றபடி ஒவ்வொருத்தியும் ஊரில் இருக்கிற அம்மாவைப் பற்றியோ அக்காளைப் பற்றியோ ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.

சீட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைந்த சமயத்தில் பஸ் நிலையத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. இந்தியாவுக்குப் போக ஆசைப்படுகிறவர்களின் பட்டியல் அது, பிரஜாவுரிமை கொடுக்கிற அதிகாரிகள் கைக்குப் போகப்போகிறது, பெயர் இருந்தால் மனு தள்ளுபடி என்று. யார் கிளப்பியது என்று தெரியாது. அப்போது பாதிப் பேருக்கு மனு போட்டும் பதில் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு அடுத்த வியாழக்கிழமை விசாரணை. குடியுரிமை இல்லாவிட்டால் வேலை போகும், ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து கிடந்தார். எனக்கு ஏழு மாதம். மனிதர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். “நம்ம சீட்டுதான் மொத சீட்டு,” என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர் மேலும் கோபம், தராசு மேலும் கோபம், அதைக் கொண்டுவந்து போட்டவர் மேல் அதைவிடக் கோபம்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதலாளியிடம் நேராகச் சொல்லிவிட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, “இந்த மாதிரி எத்தனை பேரு பயந்துகிட்டு இருக்காங்க?” என்று கேட்டார். எல்லோரும்தான் என்றேன். பிஸ்கட் டின்னைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று நாள் கடையில் அவரைப் பார்க்க முடியவில்லை. வீடு வீடாகப் போய், அவரவர் சீட்டை அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தார். நகல் எதுவும் இல்லை, எங்கேயும் அனுப்பவில்லை, கிழித்துப்போடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமலே என் வீட்டுக்காரரிடம் சீட்டை நீட்டி, “மன்னிச்சுக்குங்க தம்பி. நான் யோசிக்கல,” என்றார். அன்று இரவு என் வீட்டுக்காரர் வயிறாரச் சாப்பிட்டார். அதற்காகவே நான் அந்த மனிதரை ஆயுசுக்கும் வாழ்த்தலாம்.

டின்னில் ஏழெட்டுச் சீட்டுதான் மிஞ்சியது. எல்லாம் இங்கேயே பிறந்தவர்களுடையவை என்றுதான் நினைத்தேன். முதலாளி தராசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கிடங்குக்கு ஆள் அனுப்பியிருந்தார். அந்த நேரத்தில்தான் கம்போங் செட்டியிலிருந்து, அதாவது செட்டி ஜனங்களின் குடியிருப்பிலிருந்து, பிபிக் வந்தாள். பிபிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி. எங்கள் கடைக்குக் காலைப் பலகாரம் கொடுக்கிறவள், மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக இருப்பாள். செட்டி ஜனங்கள் இந்தியாவிலிருந்து இங்கே வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். அவளுக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தை இருக்கும். அன்று பலகாரக் கூடை இல்லாமல் பின்னால் பதினைந்து பெண்களோடு வந்து நின்றாள். “தவுக்கே, நிறு,” என்றாள். தவுக்கே என்றால் முதலாளி; ‘நிறு’ மட்டும்தான் தமிழ். மீதியை மலாயில் சொன்னாள்: எங்களை எந்த ஊருக்கு அனுப்புவார்கள்? எங்களுக்கு இதை விட்டால் ஊரே கிடையாது. எங்கள் பெயரை எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்?

உங்களுக்கு அங்கே யாருமே இல்லையே, பொய்யாகிவிடாதா என்று முதலாளி தயங்கினார். “தக்காப்பா, தக்காப்பா,” பரவாயில்லை என்று கையை ஆட்டிவிட்டு அவளே பலகையில் ஏறிவிட்டாள். விமானம் வந்தால் சத்தியமாக ஏறுவேன், கோயில் பார்த்துவிட்டு வருவேன் என்றாள். ஒரு பிக்குலும் பன்னிரண்டு கட்டியும். திரை வேண்டாம், சத்தமாகவே சொல் என்றாள். நான் சொன்னதும் தெருவே கைதட்டியது. ஊர் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். “காஜா பெராங்,” என்றாள். பதினைந்து பேரும் அதையேதான் சொன்னார்கள்.

பட்டியலை டைப் அடிக்க உட்கார்ந்தபோது சீட்டுக் கட்டில் மேலே இருந்தது முதலாளியின் சீட்டு. நாகூர், தொண்ணூற்றாறு கட்டி, பச்சை மையில் கையெழுத்து. அவருடைய பிரஜாவுரிமை மனுவை டைப் அடித்தவளே நான். அவருக்கும் அந்த மாதத்திலேயே விசாரணை. ஊராருடைய சீட்டையெல்லாம் திருப்பிக் கொடுத்தவர் தன்னுடையதை மட்டும் எடுக்கவில்லை. “மொதலாளி, இது?” என்று தூக்கிக் காட்டினேன். “அது இருக்கட்டும். போகணும்னு நெசமா தவிக்கிற ஆளு ஒருத்தராவது லிஸ்டுல வேணும்ல,” என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். பஸ் நிலையத்துப் பேச்சு வெறும் புரளி என்று பிற்பாடு தெரிந்தது. யாரும் எந்தப் பட்டியலையும் பார்க்கவில்லை, அவருக்கும் உரிமை கிடைத்தது. ஆனால் அன்றைக்கு அது அவருக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரருக்கும் கிடைத்தது. கம்பெனியின் பதில் அதற்குப் பிறகுதான் வந்தது. மூன்றே வரி. அவ்வளவு தூரம் போகிற பெரிய விமானம் இறங்க பத்து பெரெண்டாம் ஓடுபாதை நீளம் போதாது, வருந்துகிறோம். முதலாளி இரண்டு தடவை படித்துவிட்டு, “எடையில ஒரு குறையும் சொல்லல பாத்தியா,” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தராசைக் கிடங்குக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். மறு வருஷம் என் வீட்டுக்காரருக்கு அவர்தான் கப்பல் டிக்கெட் எழுதிக் கொடுத்தார். மாமியார் உயிரோடு இருந்தார். மகன் கையால் ஒரு மாதம் சாப்பிட்டார். முதலாளி கடைசிவரை கப்பலில்தான் போய்வந்தார்.

என் வீட்டுக்காரர் அந்தச் சீட்டைக் கிழிக்கவில்லை என்பது அவர் போன பிறகு பெட்டியைக் குடைந்தபோதுதான் தெரிந்தது. எண்பத்தெட்டுக் கட்டி, பென்சில் எழுத்து. போன மாதம் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பறந்தபோது அதைக் கைப்பையில் வைத்திருந்தேன். நாலு மணி நேரப் பயணம், உட்கார்ந்து எழுவதற்குள் போய்விடலாம். கவுண்டரில் என் பெட்டி பலகையில் ஏறியது, சிவப்பு எண்கள் ஓடி நின்றன. பெட்டி போனதும் என்னை அறியாமல் அந்தப் பலகையில் ஒரு காலை வைத்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பதறிப்போய், “ஆண்ட்டி, ஆளுக்கெல்லாம் எடை பாக்கிறதில்ல,” என்றாள்.

“எங்க மொதலாளி பாத்தாரும்மா,” என்றேன்.