சீட்டு இல்லாத ஐந்து குருவிகள்

கனகவள்ளி மதினி தாராவியில் எங்களுக்கு மூன்றாவது வீடு. உறவு ஒன்றும் இல்லை; மதினி என்று கூப்பிட்டே பழகிவிட்டது. ஒன்பது வருடமாக ஒரு மியூசியத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறார். முதல் ஆறு வருடம் படிக்கட்டும் கழிப்பறையும்தான். பிறகு அவர் கைச்சுத்தத்தைப் பார்த்து, ஜனங்கள் போகாத உள் அறைக்கு மாற்றினார்கள்.

அங்கே இரும்பு அலமாரிகள் நிறையப் பறவைகள். தோலை உரித்து, பஞ்சடைத்துப் பதப்படுத்தியவை. அலமாரியைத் துடைப்பதும் பூச்சி உருண்டை மாற்றுவதும் மதினியின் வேலை. பறவைகளைத் தொடக் கூடாது. வீட்டில் அதிகம் பேசாத மதினி, அந்த அறையைப் பற்றிப் பேசினால் மட்டும் நிறுத்த மாட்டார்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒரு தப்பு செய்துவிட்டார். நம் வீடுகளில் அன்று சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்துப் பொட்டு வைப்போமே, அதே பழக்கத்தில் ஓர் இழுப்பறையைக் காலி செய்தார். பதினோரு குருவிகளை ஒரு துண்டில் எடுத்து வைத்தார். இழுப்பறையைத் துடைத்து, கைப்பிடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். குருவிகளைத் திரும்ப எடுத்தால், எங்கே, எப்போது பிடித்தது என்று எழுதிக் காலில் கட்டியிருந்த சீட்டுகள் துண்டோடு நின்றுவிட்டன. நூறு வருடத்து நூல், இற்றுப்போயிருந்தது.

பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. பணியாளர்களின் வீட்டார் வந்து பார்க்கலாம் என்று விட்ட சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போனார்.

"ஏட்டி, ஒனக்குக் கண்ணு கூரு. எந்தச் சீட்டு எதுக்குன்னு பாத்துச் சொல்லு. தெரிஞ்சா அந்த ரூமுக்குள்ளயே விடமாட்டாவ."

இழுப்பறையைத் திறந்தார். வெண்டைக்காய் அடுக்கியதுபோலக் குருவிகள் மல்லாக்கக் கிடந்தன. எல்லாம் ஒரே மண் நிறம். கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு. எனக்குப் பயமாக இல்லை. சத்தமாக மூச்சு விடத்தான் கூச்சமாக இருந்தது.

கால்களில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. சிலது கறுப்பு, சிலது பழுப்பு, ஒன்று இரட்டை நூல். சீட்டில் மிஞ்சிய நூலோடு பொருத்திப் பார்த்தோம். ஆறு குருவிகளுக்குச் சீட்டு சேர்ந்தது. மீதி ஐந்துக்கும் ஒரே வெள்ளை நூல். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு சீட்டில் நாசிக் என்றிருந்தது, இன்னொன்றில் ரத்னகிரி.

"ஏதாவது ஒண்ணைக் கட்டிருவோம் மதினி. யாரு கண்டா?"

மதினி நூலைக் கையில் எடுத்தார். ஆனால் கட்டவில்லை.

"இந்த ஊர்ல நம்மள எல்லாவனும் எந்த ஊரு எந்த ஊருன்னு கேக்கான். நமக்கு வாயி இருக்கு, சொல்லிக்கிடுதோம். இது என்னட்டி செய்யும்?"

நூலை வைத்துவிட்டு, நேரே கலீலுல்லா சாரைத் தேடிப் போனார். அந்த அறைக்குப் பொறுப்பானவர், செம்பூர்த் தமிழர். அவர் வந்து இழுப்பறையைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பத்து நாளா ஏம்மா சொல்லல?"

"பயம் சார்."

"இந்த ஆறு நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

"மத்த அஞ்சு?"

"தெரியாது சார்."

"எங்க, எப்போ பிடிச்சதுன்னு தெரியலேன்னா இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. வெறும் குருவிதான்." ஐந்தையும் தனிப் பெட்டியில் வைத்து, சீட்டு எதுவென்று தெரியவில்லை என்று எழுதினார். ஐந்து பழைய சீட்டுகளையும் ஓர் உறையில் போட்டுப் பக்கத்திலேயே வைத்தார். பிறகு மதினியைப் பார்க்காமல், "திங்கள்கிழமையிலேர்ந்து படிக்கட்டுக்கே போயிடுங்க" என்றார்.

மதினி தலையாட்டினார். புதுசாக வருகிறவளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார். பூச்சி உருண்டை எந்தத் தட்டில் இருக்கிறது, மழையில் எந்தக் கதவு இறுகும், எந்த மூலையில் தண்ணீர் கசியும். சார் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். வெளியே வந்து பாதிப் படி இறங்கிய பிறகும் ஏதோ விட்டுப்போனதென்று மதினி மறுபடி மேலே ஏறினார்.