பொந்துக்கு முன்னால் ஒரு மீன்கொத்தி

"ஒரு நிமிஷம்... ஒரே நிமிஷம்" என்றபடி லிஃப்ட் மெக்கானிக் புல்வெளியில் குப்புறப் படுத்துவிட்டார். கருவிப்பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கேமராவுக்கு எதிரே புல்நுனியில் ஒரு தட்டான். நடைப்பயிற்சிக்கு வந்த குடியிருப்புக்காரர் ஒருவர், ஆள் மயங்கி விழுந்துவிட்டதாக எண்ணித் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"அய்யய்யோ, தெளிச்சுடாதீங்க சார்! கேமரா நனைஞ்சுடும்!"

தட்டான் பறந்துவிட்டது. எட்டாவது மாடியில் பாதி திறந்த கதவோடு லிஃப்ட் காத்துக்கிடந்தது.

வேலையில் அவர் கெட்டிக்காரர். அவர் கை வைத்த லிஃப்ட் லேசில் மக்கர் பண்ணாது. ஆபத்து அதற்குப் பிறகுதான். சோதனை ஓட்டம் என்று யாரையாவது உள்ளே ஏற்றிக்கொள்வார். கதவு மூடியதும் செல்போன் வெளியே வரும். கீழே தேன்சிட்டில் தொடங்கினால் மேலே போய்ச் சேர்வதற்குள் ஒரு காடே ஓடி முடிந்திருக்கும். கதவு திறந்தாலும் விடுதலை கிடையாது. அவருடைய கட்டைவிரல் அதற்குள் தரைத்தளப் பொத்தானை அழுத்தியிருக்கும். "இன்னும் ரெண்டே ரெண்டு படம் சார்." இப்போதெல்லாம் அவர் தலை தெரிந்தாலே மூட்டுவலிக்காரர்கள்கூட, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று மாடிப்படி பக்கம் நழுவுகிறார்கள்.

கோடையில் வறண்ட ஏரிக்குள் இறங்கி, வெடித்த மண்ணைப் படமெடுத்துக் கால் கொப்புளத்தோடு திரும்புவார். பனிக்காலத்தில் விடியும் முன்பே கரையில் இருப்பார். வீட்டுக்குக் கொண்டுவருவது வெளுத்த துணி போன்ற படங்கள். "நடுவுல ஒரு கொக்கு நிக்குது, நல்லா உத்துப் பாரு" என்பார் மகளிடம். கொக்கும் வெள்ளை, பனியும் வெள்ளை. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மகள், "ஆமாப்பா, தெரியுது" என்று ஒப்புக்கொண்டு தப்பிப்பாள். மழைக்காலத்துக்கென்று, தையல் கடை வைத்திருக்கும் மனைவி பழைய மழைக்கோட்டை வெட்டிக் கேமராவுக்கு அளவெடுத்து உறை தைத்துக் கொடுத்திருக்கிறார். அதனால் கேமரா நனைவதில்லை. குடை பிடித்து நிற்கும் மனைவிதான் நனைகிறார்.

ஒருமுறை குடும்பத்தோடு அருவிக்குப் போய்வந்தார்கள். மைத்துனர் ஆசையாகப் படங்களைக் கேட்டார். அருவியைக் காணோம். பாறையில் ஓர் எறும்பு, அதே எறும்பு, கொஞ்சம் நகர்ந்த எறும்பு.

"ஏன் மச்சான், இதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம சர்க்கரை டப்பாவுல இல்லாத எறும்பா?"

இத்தனை படங்களுக்கு நடுவே அவர் ஏங்கிக் கிடந்தது ஒரே ஒரு படத்துக்குத்தான். வாய்க்கால் கரையின் மண்சரிவில் பொந்து குடைந்து குஞ்சு பொரிக்கும் மீன்கொத்தி, வாயில் மீனோடு அதற்குள் நுழையும் அந்தக் கணம். ஒரு வருடம் அவர் போவதற்குள் குஞ்சுகள் பறந்துவிட்டன. அடுத்த வருடம் வெள்ளம் பொந்தையே அடித்துக்கொண்டு போனது. இந்த முறை மழை ஓய்ந்ததும் பொந்துக்குள்ளிருந்து கீச்சுக்குரல் கேட்டது. பார்த்தவருக்கெல்லாம் படம் காட்டும் மனிதர், இதை மட்டும் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை.

விடுமுறை நாள் காலையில் இருவரும் போனார்கள். நாணல் மறைவில் கேமரா முக்காலியை நட்டார். வெயில் பொந்தின் வாசல்மேல் அளவாக விழுந்திருந்தது. நீலமாக ஒன்று பாய்ந்து வந்தது. வாயில் மீன். பொந்துவரை வந்து, சட்டென்று திரும்பி எதிர்க்கிளையில் போய் உட்கார்ந்தது. மறுபடி வந்தது, மறுபடி திரும்பியது. உள்ளே கீச்சுக்குரல் வீறிட்டது.

"என்னங்க, அது நம்மளப் பாத்துத்தான் பயப்படுது."

"பழகிடும். ஒரு நிமிஷம் இரு."

"நமக்கு ஒரு நிமிஷம். உள்ள இருக்கிறது வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கே."

அவர் கண் கேமராவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் பொத்தானை விட்டு நகரவில்லை. நாலாம் முறையும் பறவை திரும்பிப் போனது. அதன் வாயில் மீன் துள்ளுவதை நிறுத்தியிருந்தது. பொந்துக்குள் சத்தம் மெல்லத் தேய்ந்தது.

முக்காலியை மடக்கினார். சத்தமில்லாமல் பின்வாங்கி, ரோட்டோரம் கிடந்த கல்லில் போய் உட்கார்ந்தார். கேமராவை உறைக்குள் போட்டார். கை மறுபடியும் அதைத் தேடிப் போனது. உடனே வாய்க்காலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"நீ பாத்துச் சொல்லு. உள்ள போயிடுச்சா?"

"இன்னும் இல்ல... இருங்க... ஆங், போயிடுச்சுங்க! சத்தமும் கேக்குது. நீங்க திரும்பலாம்."

"வேணாம். ஒரு மீனு எந்த மூலைக்கு? இன்னொண்ணு கொண்டாரட்டும்."

சொல்லிவிட்டு, திரும்பாமலே, கல்லின் மறுவிளிம்புக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.