பெயர் வைத்தவர் கொடுத்த வாக்குமூலம்

என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது ஒரு ரஷ்யக் குடும்பப் பெயர், 'ஓவா' என்று முடியும். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் அப்படி ஒரு பெயர் எனக்கு மட்டும்தான். பள்ளியில் டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டதும், கடைசியில் வரும் 'வா'வைப் பிடித்துக்கொண்டு பின்பெஞ்சில் இருப்பவர்கள், "கூப்புட்றாங்க பாரு, எழுந்து போ" என்பார்கள். தினமும் இதற்குச் சிரிப்பார்கள். நானும் சில நாள் சிரித்திருக்கிறேன்.

பெயர் வைத்தவர் எங்கள் ஊர் விவசாயக் கூலிகள் சங்கத்தின் தலைவர். எங்கள் தெருக்காரர், எங்கள் சாதிதான், ஆனால் ரத்த உறவு கிடையாது. அப்பாவை நான் நைனா என்பேன்; நைனா அவரை அண்ணா என்பார். எனக்கு அவர் பெரியநைனா. நான் பிறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத இருபது குடும்பங்களுக்கு ஏரிக்கரைப் புறம்போக்கில் பட்டா கிடைக்கப் பாடுபட்டவர் அவர். அந்தப் போராட்டத்தில் அவரும் நைனாவும் பதினோரு நாள் ஒரே ஜெயிலில் இருந்திருக்கிறார்கள். நைனாவைப் பொறுத்தவரை அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் சொல்.

அம்மா காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை நான். பிள்ளையார் பெயராக ஏதாவது வைக்கலாம் என்றாளாம். பெரியநைனா கேட்கவில்லை. "ரஷ்யாவுல ஒரு லேடி டாக்டர் இருந்தாங்கம்மா. சண்டை நடந்த ஊர்ல ஒத்த ஆளா நின்னு ஜனங்களைக் காப்பாத்துனாங்க. அவங்க பேரு" என்று சொல்லி இந்தப் பெயரை வைத்தார். நைனா உடனே சரி என்றுவிட்டார். அந்த டாக்டர் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆறாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் சொன்னேன். திருப்பதியில் கல்லூரி சேர்ந்தபோது விடுதி அறையில் சொன்னேன். டாக்டராக முடியவில்லை என்றாலும் உயிரியல் எடுத்துப் படித்ததற்கு அந்தப் பெண்தான் காரணம்.

பெயரை எல்லோரும் ஒரு மாதிரி எழுதினால், பெரியநைனா மட்டும் வேறு மாதிரி எழுதுவார். முதல் எழுத்தை நெடிலாக்கிவிடுவார். பத்திரிகை கொடுக்க வந்தாலும் உறைமேல் அப்படித்தான் இருக்கும். திருத்தினால், "அசல் ரஷ்ய உச்சரிப்பு இதுதான், உங்களுக்குத்தான் வாய்ல வரல" என்பார்.

முப்பது வயது நெருங்கும்போது அரசுப் பள்ளி ஆசிரியை வேலைக்கான தேர்வில் பாஸானேன். எங்கள் பிரிவுக்குத் திருப்பதி பக்கத்தில் ஒரே ஓர் இடம். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது பெயர் பெரியநைனாவின் மகன் வயிற்றுப் பேத்தியுடையது. அவளும் நானும் ஒரே பஸ்ஸில் கோச்சிங் போனவர்கள். பட்டியல் வந்த அன்று அவள்தான் எனக்கு முதலில் போன் செய்து, "அக்கா, உனக்கு வந்துட்டுது" என்றாள்.

சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து ஒரு வாரம் இருக்கும். திருப்பதியில் சரிபார்ப்பு நடந்த அலுவலகத்திலிருந்து வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. கோபமாக எல்லாம் இல்லை. ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, இது கிறிஸ்தவப் பெயர்தானே என்று தெலுங்கில் கேட்டார்.

"இதி கிறிஸ்டியன் பேரு கதா அம்மா?"

"காது மேடம். ரஷ்யன் பேரு" என்று மறுத்தேன்.

"ரஷ்யால கிறிஸ்டியன்ஸ் லேரா?"

ரஷ்யாவில் கிறிஸ்தவர்களே இல்லை என்று எப்படிச் சொல்வது? என்மேல் ஆகாசராமன்ன உத்தரம் வந்திருப்பதாகச் சொன்னார். தமிழில் மொட்டைக் கடுதாசி என்பதைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள். நானும் என் குடும்பமும் எப்போதோ மதம் மாறிவிட்டோம், எஸ்.சி. சான்றிதழ் எங்களுக்குச் செல்லாது, பெயரே அதற்குச் சாட்சி என்று அதில் இருந்தது. மதம் மாறியது உண்மையானால் வேறு பிரிவில் போட்டுவிடுவார்கள். வேலை கையை விட்டுப் போய்விடும்.

அந்த அதிகாரி தன் போனை எடுத்து என் பெயரைத் தேடினார். அந்தப் பெயர் உள்ளவர்கள், அந்தப் பெயர் கொண்ட இடங்கள் என்று ஒரு நீளமான பட்டியல் வந்தது. விரலால் தள்ளிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நிறுத்தி, போனை என் பக்கம் திருப்பினார். விசுவாசத்துக்காக உயிரைவிட்ட ஒரு கன்னியாஸ்திரி. சர்ச்சில் புனிதர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

"இவங்க பேரா உனக்கு வச்சாங்க?"

"இல்ல மேடம். ஒரு டாக்டர் பேரு."

"எந்த டாக்டர்? இதுல காட்டு."

நான் மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தேன். ஒரு ஓட்டக்காரி, ஒரு நடிகை, செடிகொடிகளை ஆராய்ந்த ஒருவர், சதுரங்கம் ஆடும் ஒரு சின்னப் பெண். 'வா' இல்லாமல் 'ஓவ்' என்று முடிகிற வரிசையில் ஒரு ராணுவ அதிகாரி, வரைபடம் போட்ட ஒருவர். இடங்களில் ஆற்றோரத்தில் ஒரு சிற்றூர், ஒரு ரயில் நிலையம், பனிக்கடலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. டாக்டர் யாரும் இல்லை.

"எல்லாரையும் இதுல போட்டிருக்க மாட்டாங்க மேடம்" என்றேன்.

"சரி, வி.ஆர்.ஓ. வந்து ஊர்ல விசாரிப்பார்" என்று அவர் கோப்பை மூடினார். மூடும் முன் கடிதத்தை எனக்குக் காட்டினார். உறைமேல் சத்தியவேடு தபால் முத்திரை. ஏதோ ஒரு கடையில் தெலுங்கில் டைப் அடித்திருந்தார்கள். கையெழுத்து இல்லை. என் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. மூன்று இடத்திலும் முதல் எழுத்து நெடில்.

புத்தூர் வழியாக ஊர் வரும் பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். டைப் அடித்தவர் தப்பாக அடித்திருக்கலாம். தெலுங்கில் எழுதினால் அப்படி வருமோ என்னவோ. என் பழைய சான்றிதழ்களைப் போனில் எடுத்துப் பார்த்தேன். தெலுங்கிலும் குறில்தான். நைனாவிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"கடைக்காரன் தப்பா அடிச்சிருப்பான். அண்ணன் அப்பிடிச் செய்யமாட்டாரு."

"மூணு எடத்துலயுமா நைனா?"

"செய்யமாட்டாருன்னு சொல்றேன் இல்ல. துன்னு."

அடுத்த வியாழக்கிழமை கிராம வருவாய் அதிகாரி, அதாவது வி.ஆர்.ஓ., சச்சிவாலயம் என்கிற எங்கள் ஊர் அரசு அலுவலகத்துக்கு வந்தார். வயதில் மூத்தவர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினார். நானும் நைனாவும் வாசலருகே நின்றோம். மூன்று பேர், இந்தக் குடும்பத்தைத் தெரியும், அம்மன் திருவிழாவில் இவர்கள் வீட்டிலிருந்துதான் முதல் கூழ் வரும், சர்ச் பக்கம் போனதில்லை என்றார்கள். நான்காவது ஆள் பெரியநைனா. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார்.

"பேரு யாரு வச்சது?" என்று வி.ஆர்.ஓ. கேட்டார்.

"அவங்களே வச்சிக்கினாங்க."

நைனா என் கையைப் பிடித்தார். நான் விழுந்துவிடுவேன் என்று பிடித்தாரா, அவருக்குப் பிடிமானம் வேண்டியிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"இவங்க என்ன மதம்?"

"முன்ன எங்களோடதான் இருந்தாங்க. இப்ப ஞாயித்துக்கெழமைல எங்க போறாங்க, வர்றாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் எப்பிடிச் சொல்றது?"

கையெழுத்துப் போட்டுவிட்டு எங்களைத் தாண்டித்தான் வெளியே போனார். நைனா அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட நைனா ஒதுங்கியதுதான் அப்போது தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேப்பரை நான்காக மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். பேத்தி வீட்டில் இல்லை.

"ஏன் பெரியநைனா அப்பிடிச் சொன்னீங்க?"

"நான் தப்பா ஒண்ணும் சொல்லல. தெரியாதுன்னுதான் சொன்னேன்."

"பேரு நீங்க வச்சதுதானே?"

"நீ இன்னொரு பரீட்சை எழுதுவ. உனக்கு மூளை கீது. அவளுக்குக் கல்யாணத்துக்கு எடம் பேசிக்கினு கீறோம். வேலை இருந்தாத்தான் அது முடியும். உங்க நைனாவுக்குச் சொன்னாப் புரியும்."

கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லிவிட்டார். திரும்பி நடந்தவள், என்ன தோன்றியதோ, நின்று கேட்டேன்.

"அந்த டாக்டரம்மா யாரு பெரியநைனா? எந்த ஊரு?"

"எந்த டாக்டரு?"

"என் பேருக்காரங்க."

"ஓ, அதுவா" என்றார். அவருக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது. "பழைய புத்தகத்துல ஒரு போட்டோ, அதுக்குக் கீழ அந்தப் பேரு போட்டிருந்துது. யாருன்னு நான் படிக்கல. பேரு நல்லா கீதேன்னு வச்சேன். உன் நைனா யாருன்னு கேட்டான், எதனா ஒண்ணு சொல்லணும் இல்ல."

வாக்குமூலத்தில் அவர் சொன்ன பொய்க்குக் காரணமாவது இருந்தது. இந்தப் பொய்க்கு எந்தக் காரணமும் இல்லை. இத்தனை வருஷம் நான் அவரையும் நம்பி, அவர் வாயில் வந்த ஒரு பெண்ணையும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோதுதான் அழுதேன். அம்மா, "பிள்ளையார் பேரு வச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

வி.ஆர்.ஓ. எழுதிப்போனதை வைத்துத் திருப்பதி அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள்; அதற்கு, சாதியும் மதமும் எழுதிய நைனாவின் பழைய ஆவணம் ஏதாவது கொண்டுவரச் சொன்னார்கள். இப்போது நாங்கள் திருப்பதி மாவட்டம். பட்டா கொடுத்த காலத்தில் சித்தூர் மாவட்டம். பழைய கோப்புகள் எல்லாம் சித்தூரிலேயே தங்கிவிட்டன. இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாம் முறை நைனாவும் வந்தார். கோப்பு அறையில் இருந்த குமாஸ்தா மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தேடி, மதியத்துக்குமேல் ஒரு கட்டை எடுத்துவந்தார். பட்டா வாங்கிய இருபது குடும்பங்களின் பட்டியல். நைனாவின் பெயர் ஏழாவது. பக்கத்தில் சாதி, மதம் இரண்டும் எழுதியிருந்தது. எல்லாவற்றையும் எழுதி, 'நான் நேரில் அறிந்தவர்கள்' என்று கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தவர் பெரியநைனா. நைனா அந்தக் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணன் எழுத்து அன்னைக்கு எவ்ளோ அழகா இருக்குது பாரு" என்றார்.

திருப்பதியில் விசாரணை நடந்த அன்று பெரியநைனாவையும் வரவழைத்திருந்தார்கள். வராந்தாவில் ஒரே பெஞ்சு. அவர் ஒரு கோடியில், நைனா ஒரு கோடியில், நடுவில் நான். பெரியநைனா என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "துன்னியாடா?" என்று நைனாவைக் கேட்டார்.

"ஆச்சிண்ணா" என்றார் நைனா. காலையிலிருந்து நாங்கள் எதுவும் சாப்பிடவில்லை.

உள்ளே அதே பெண் அதிகாரி பட்டியலைப் பெரியநைனா முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"அப்ப இவங்களை நல்லாத் தெரியும்."

"தெரியும்."

"மதம் மாறினாங்களா? தெரியாதுன்னு சொல்லவேணாம். மாறினாங்க, இல்ல மாறல. ரெண்டுல ஒண்ணு."

பெரியநைனா பட்டியலை அதிகாரி பக்கம் தள்ளி, "மாறல" என்றார். பெயர் வைத்தது யார் என்று அதிகாரி கேட்கவில்லை. பெரியநைனாவும் சொல்லவில்லை.

சான்றிதழ் செல்லும் என்று உத்தரவு வர ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் திருப்பதி பக்கத்து இடத்தில் அவர் பேத்தியைப் போட்டுவிட்டார்கள். எனக்கு, அதன்பின் காலியான ஓர் இடமாக, நாயுடுபேட்டைக்கு அப்பால் ஒரு பள்ளி கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அவள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அவளுக்கு விஷயம் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கும் தைரியமும் இல்லை. கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று விண்ணப்பம்கூட வாங்கிவந்தேன். எல்லாச் சான்றிதழையும் திருத்தவேண்டும், மறுபடியும் அதே அலுவலகங்களின் வாசலில் நிற்கவேண்டும் என்பதால் நிரப்பாமல் விட்டேன். இப்போது பள்ளிப் பிள்ளைகள் இது யார் பெயர் டீச்சர் என்று கேட்டால், எங்க ஊர்ல ஒருத்தர் வச்சாரு என்கிறேன். டாக்டர் கதையைச் சொல்வதில்லை.

போன வருஷம் எங்கள் பக்கம் நிலங்களைத் திரும்ப அளக்க வந்தார்கள். பெரியநைனாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டிருந்த நேரம். ஏரிக்கரையில் அவருடைய வரப்பு எது என்று பக்கத்து நிலத்துக்காரரோடு தகராறு வந்துவிட்டது. ஆரம்பத்தில் அளந்து கல் நட்டபோது கூட இருந்தவர்களில் வந்து சொல்ல மிச்சம் நைனா மட்டும்தான். பெரியநைனாவின் மகன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "சித்தப்பா, ஒரு வார்த்தை வந்து சொல்லணும்" என்றான். நைனா சட்டையை மாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே போனார். கல் இருந்த இடத்தைக் காட்டி, காகிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். ஒன்றரை முழம் நிலம் பெரியநைனாவுக்குத் திரும்பி வந்ததாம்.

பள்ளியிலிருந்து வந்ததும் எனக்கு விஷயம் தெரிந்தது.

"ஏன் நைனா போனீங்க? தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"தெரியுமே" என்றார். "கல்லு நட்டப்ப கடப்பாரை புடிச்சதே நான்தான்."

"அவரு நமக்குப் பண்ணது?"

"அது வேற."

எனக்கு அது வேறு இல்லை. அன்று அவருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சைக்கிளில் என்னை நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "சாயங்காலம் சீக்கிரம் வந்துடு" என்றார். சரி என்றேன்.