ரிஸானாவின் கோப்புறை

இன்று காலை கந்தோரில் அலுவலகக் கோப்பு ஒன்றைத் திறக்கப் போனேன். அனுமதி இல்லை என்றது கணினி. அந்த வரியைக் கண்டால் எனக்கு இன்னும் கருவாட்டு வாசம் வரும். தலையில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். மன்னாரில் நான் முதலில் வேலை பார்த்த இடத்துக்குக் கீழே கருவாட்டுக் கடை. கணினியைத் திறந்தாலும் அந்த வாசம்தான்.

மீனவர்களுக்குக் காற்று நிலவரம் சொல்லும் சின்ன அலுவலகம் அது. அங்கிருந்த யுனிக்ஸ் கணினியில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு நிரல் தானாக ஓடி, அன்றைய காற்றையும் அலையையும் ஒரு கோப்பாக எழுதும். அதைத் தொலைபேசியில், மீனவர் ஊரான பேசாலையின் கோயிலுக்கு வாசிப்போம். அங்கே ஒலிபெருக்கியில் சொல்வார்கள். நிரலை எழுதியவர் ரிஸானா, முசலிப் பக்கத்துப் பெண். என் வயதுதான். எனக்கோ அப்போது கணினி என்பது பாட்டுக் கேட்கிற பெட்டி.

ரிஸானாவுக்கு நிறைமாதம். ஒருநாள் மதியம் இடுப்புவலி தொடங்க, கணவர் நியாஸ் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். மூன்று மணிக்கு நிரல் வழக்கம்போல ஓடியது. கோப்பும் வந்தது. எனக்குத் திறக்கவில்லை. அது ரிஸானாவின் பெயரில், அவருடைய தனிக் குழுவில் உருவாகியிருந்தது; அந்தக் குழுவில் இருப்பவர்தான் திறக்கலாம், அதில் அவரைத் தவிர யாருமில்லை. அதுவரை அவரே திறந்து வாசித்ததால் இது யாருக்கும் தட்டுப்படவில்லை.

வெளியே பனை ஓலை அசையவில்லை. பேசாலையில் படகு இறக்கும் நேரம். கோயிலிலிருந்து இரண்டாம் தரமும் கேட்டுவிட்டார்கள். நியாஸின் போனுக்கு எடுத்தேன். ஓட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தது. போனை ரிஸானா வாங்கினார்.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

"என்ர பேரில எல்லாரும் உள்ளுக்குப் போறதோ? போற வழிதானே, வாறன்."

நியாஸின் தோளைப் பிடித்தபடி படியேறி வந்தார். வலி நியாஸுக்கோ என்று நினைக்கும்படி இருந்தது அந்த மனிதரின் முகம். ரிஸானா கதிரையில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். நடுவில் ஒருமுறை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"விடுங்கோ ரிஸானா. போங்கோ."

"பொறுங்கோ" என்றார். வலி போனதும் மறுபடி தட்டினார். "ஃபைல் என்ர பேரிலேயே இருக்கட்டும். குறூப்பை மட்டும் கந்தோர் குறூப்பா மாத்திட்டன். போல்டருக்கும் சொல்லிவிட்டன். இனி இதுக்குள்ள எது பிறந்தாலும் கந்தோர் குறூப்பிலதான் பிறக்கும். நீங்கள் வாசிக்கலாம்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பொழுதுபடக் கடும் காற்று, கடலுக்குப் போகவேண்டாம் என்றிருந்தது கோப்பில். வாசித்தேன். படகுகள் கரையிலேயே நின்றன. காற்று சொன்னபடி வந்து, கருவாட்டுக் கடை முகப்புத் தகரத்தையும் தூக்கிப்போனது. அன்று பின்னேரம் ரிஸானாவுக்குப் பெண் பிள்ளை. மறுநாள் மூன்று மணிக்கு வந்த கோப்பு எனக்குத் தடையில்லாமல் திறந்தது.

பிறகு அந்த அலுவலகத்தை நடத்திய திட்டம் முடிந்தது, கணினியையும் கொண்டுபோனார்கள். ரிஸானா குடும்பத்தோடு கட்டாரில் இருக்கிறார். காற்று நிலவரத்தை இப்போது அவரவர் போனில் பார்த்துக்கொள்கிறார்கள், நல்லதுதான். முன்பு மூன்று மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தால், வலை பின்னுகிறவர்கள் கையை நிறுத்துவார்கள், தேத்தண்ணிக் கடையில் ரேடியோவைக் குறைப்பார்கள். போன மாதம் அந்த நேரத்தில் பேசாலைக் கரையில் நின்றேன். மூன்று மணி ஆனது. யாருடைய கையும் நிற்கவில்லை.