ஆறு ஓட்டைச் சில்லு

என்னிடம் இருந்த பிக்கப் எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. நான் வாங்கும்போதே அது மூன்று பேரின் கை மாறியிருந்தது. விடியற்காலையில் கல்முனைக்குடிக் கடற்கரையில் மீன் ஏற்றுவேன், அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றுவேன். மீன் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் எந்த இரும்பையும் விட்டுவைக்காது. அது முதலில் தின்று தீர்த்தது, பின் தட்டுக்குக் கீழே ஸ்பெயார் டயரைத் தூக்கிப் பிடித்திருந்த சங்கிலியைத்தான். ஒருநாள் காரைதீவில் டயர் தானாகக் கழன்று ரோட்டில் விழுந்தது. எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த ஒருவர் அதை உருட்டிக்கொண்டே ஓடிவந்து தந்தார்.

அதற்குப் பிறகு டயரைத் தட்டுக்குள் போட்டேன். அது பெரிய தொல்லையாகிவிட்டது. அந்தக் காலத்தில் வயலுக்குப் போக வேண்டுமென்றால் கிட்டங்கித் தாம்போதியைத் தாண்ட வேண்டும். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட அந்த ரோடு முடிகிற தொங்கலில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றி இருந்தது. டயருக்குள் எதையாவது ஒளித்துக் கொண்டுபோகிறோமோ என்று பார்ப்பார்கள். தட்டில் முதலில் டயர், அதற்கு மேலே நெல் சாக்கு. டயரைப் பார்க்க எல்லாச் சாக்கையும் இறக்க வேண்டும். பார்த்த பிறகு ஏற்ற வேண்டும். நாலு மணிக்கு சென்றியை மூடிவிடுவார்கள். மூடிய பிறகு எங்கள் முஸ்லிம் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் நிற்க மாட்டார்கள். நின்றவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட தமிழ் ஆட்களும் அப்படித்தான்.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். என் வயலைப் பார்த்துக்கொண்டது சவளக்கடையில் இருந்த ஒரு தமிழ் ஆள். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் நான் அவரை அண்ண என்பேன், அவர் என்னைக் காக்கா என்பார், எங்களிடம் அதுவும் அண்ணன்தான். ஸ்பெயார் டயரை அவர் வீட்டு வாசல் கடப்படியில் இறக்கி, "இது அமானத்து அண்ண, ஆருக்கும் குடுத்திராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். டயர் அந்தப் பக்கமே கிடந்தால் சென்றியில் சிக்கல் இல்லை, வயலில் காற்றுப் போனாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்று நினைத்தேன்.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. என் மனைவியின் தம்பி, மச்சானிடமும் சொல்லவில்லை. கலவரத்தில் இரண்டு பக்கமும் மையத்து விழுந்த காலம். அவர்களிடமா சாமானைக் கொடுத்து வைத்தாய் என்று ஊரில் கேட்பார்கள். நாலு பேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆள் நானில்லை.

அந்த மாரிக் காலத்தில் முன் இடது சில்லைத் தாங்குகிற ஹப் வெடித்துவிட்டது. பிக்கப்பைத் திருத்துகிற கராஜ் பாஸ், கொழும்புக்குப் போய் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடச் சொன்னார். நான் அஞ்சாம் வகுப்புவரைதான் படித்தவன். சிங்களமும் சரியாக வராது. வெடித்த ஹப்பைச் சீலைப் பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சோதனைக்கு இறக்கிய ஒவ்வொரு இடத்திலும் பையை அவிழ்த்து அந்த இரும்பைக் காட்டி, பிக்கப் ஓட்டுவதுபோல் கையால் செய்து காட்டினேன். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக அதை நீட்டினேன். வாயால் கேட்கவே இல்லை. எல்லோரும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். பழைய வண்டி, சாமான் வருவதில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு கிழவர், வேறு மாடல் பிக்கப்பின் ஹப்பைச் சில்லோடு சேர்த்துக் கழற்றித் தந்தார். கொஞ்சம் கடைந்தால் பொருந்தும் என்றார்.

பொருந்தியது. ஆனால் என் பிக்கப்பின் சில்லுகளுக்கு போல்ட் பூட்ட ஆறு ஓட்டை. இதற்கு ஐந்து.

பாஸ் அதைப் பூட்டிவிட்டு, "ஸ்பெயார் எங்க இரிக்கி?" என்று கேட்டார்.

"வீட்ட கிடக்கு பாஸ்."

"அதக் கொண்டாங்க. என்னட்ட அஞ்சு ஓட்ட ரிம் ஒண்டு கிடக்கு, டயர அதில மாத்தித் தாறன். இல்லாட்டி இந்தச் சில்லு போற நாள் நீங்க நடந்துதான் வருவீங்க."

நான் சரி என்றேன். டயர் வீட்டில் இல்லை. சவளக்கடையிலிருந்து எடுத்து வந்தால் எங்கே கிடந்தது என்ற கேள்வி வரும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நினைவு வரும்போதெல்லாம் வேறு எதையாவது நினைத்தேன்.

அறுவடை வந்தது. சூடடித்துத் தூற்றி பதினெட்டுச் சாக்கு நெல். எங்கள் வீட்டில் ஏழு பேருக்கு வருடத்துச் சோறும் அடுத்த போகத்துக்கு விதையும் அதுதான். அன்றைக்கு மேற்கே வானம் கறுத்திருந்தது. லுஹர் தொழுகையைக் களத்திலேயே தொழுதுவிட்டு, நானும் மச்சானும் கூலி ஆள் ஒருவரும் சாக்குகளை ஏற்றிப் புறப்பட்டோம். ஐம்பது யார் தூரம்கூடப் போகவில்லை, மண்ணுக்குள் கிடந்த பழைய வேலிக் கம்பி முன் இடது டயரின் பக்கத்தைக் கிழித்தது. ஒட்டித் தைக்க முடியாத கிழிசல்.

மச்சான் இறங்கிப் பார்த்துவிட்டுத் தட்டைத் தடவினார். "ஸ்பெயார் எங்க மச்சான்?"

அப்போதுதான் சொன்னேன். அவர் கிழிந்த டயரை ஒரு உதை உதைத்தார்.

"டயருக்கு அங்க கலியாணம் முடிச்சுக் குடுத்திரிக்கீங்களோ? மாப்பிள்ள பொண்டாட்டி வீட்டோட போயிட்டாரோ?"

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. கூலி ஆள் சிரித்தார்.

நான் கூலி ஆளை டயர் எடுத்துவர அனுப்பினேன். அவரும் சவளக்கடைத் தமிழ் ஆள்தான். நான் போயிருக்கலாம், பயமாக இருந்தது. வயல்வரை வருவேனே தவிர, கலவரத்துக்குப் பிறகு அந்த ஊர் ஒழுங்கைகளுக்குள் நான் நடந்து போனதில்லை. டயரை விட்ட அன்றைக்கும் பிக்கப்பிலேயே போய்க் கடப்படியோடு திரும்பியவன்தான். அவர் போன நேரத்தில் நாங்கள் சாக்குகளை இறக்கி, ஜக் வைத்துத் தூக்கினோம். முக்கால் மணித்தியாலத்தில் அவர் வெறுங்கையோடு வந்தார்.

"தரமாட்டாராம். நீங்க வந்து கேட்டாத்தான் தருவாராம்."

மச்சான் எச்சிலைத் துப்பினார். "சொன்னனே. டயர் போயிட்டு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் வேறு வழி இல்லை. நான் நடந்தேன். ஒழுங்கையில் கிணற்றடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் தொப்பியைப் பார்த்தார்கள். கழற்றிச் சட்டைப் பைக்குள் வைக்கலாமா என்று கை போனது, வைக்கவில்லை. நாய் ஒன்று வீடுவரை குரைத்துக்கொண்டே வந்தது.

அண்ணன் கடப்படியில் எனக்காகக் காத்து நின்றார். டயர் பக்கத்தில் சாத்தியிருந்தது. மழை படாமல் சீலையால் சுற்றியிருந்தார்.

"கோவிக்காதீங்க காக்கா. அவன்ட கையில நான் எப்பிடிக் குடுக்கிற? நீங்க அம்மாண எண்டு சொல்லித்தானே வெச்சிட்டுப் போனீங்க. ரெண்டு பேர் வந்து விலைக்கும் கேட்டாங்க. அம்மாண சொன்ன சாமான், தரமாட்டன் எண்டுட்டன்."

நான் சொன்னது அமானத்து. அவர் காதில் விழுந்தது அம்மாண, அம்மாமேல் ஆணை. நான் அம்மாமேல் ஆணையிட மாட்டேன், எங்களுக்கு அல்லாஹ்வைத் தவிர வேறு எதன்மேலும் ஆணையிடக் கூடாது. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு டயரை உருட்டத் தொடங்கினேன். அவரும் கூட வந்தார்.

உருட்டும்போது ரிம்மின் ஓட்டைகள் என் கண்ணுக்கு முன்னால் சுற்றிச் சுற்றி வந்தன. ஒழுங்கை முடிகிற இடத்தில் நான் நின்றுவிட்டேன். எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் எண்ணினேன். ஆறு. இத்தனை நாள் நினைக்காமல் தள்ளி வைத்தது முழுவதும் அந்த இடத்தில் வந்து என்மேல் விழுந்தது. டயரைச் சரித்து அதன்மேலேயே உட்கார்ந்தேன். அவர் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப டயரக் கழட்டி மத்த ரிம்முக்குப் போடுவம்" என்றார். அவர் வீட்டுக்கு ஓடி, நெம்புவதற்கு இரண்டு அலவாங்கும் சைக்கிள் பம்பும் கொண்டுவந்தார்.

களத்தில் நாலு பேரும் சேர்ந்தோம். உப்புப் பிடித்து ரிம்மோடு ஒட்டியிருந்த டயரைக் கழற்றவே என் உள்ளங்கை கிழிந்தது. மச்சான் அலவாங்கின்மேல் ஏறி நின்று அமத்தினார். கழற்றி, ஐந்து ஓட்டை ரிம்முக்கு ஏற்றி, முறை வைத்துப் பம்ப் அடித்தோம். சைக்கிள் பம்புக்கு அந்த டயர் ஒரு கிணறு மாதிரி. ஆளுக்கு நூறு அடித்து மாறினோம். சில்லைப் பூட்டி ஜக்கை இறக்கும்போது மூன்றரை தாண்டிவிட்டது. அப்போதுதான் முதல் துளி விழுந்தது.

சாக்குகளை ஏற்ற நேரம் இல்லை. ஏற்றினாலும் அந்தக் களி மண்ணில் மழை விழுந்த பிறகு பாரத்தோடு பிக்கப் நகராது. நின்றால் சென்றி மூடிவிடும். மச்சான் ஏறி உட்கார்ந்து, "வாங்க மச்சான், உசிர் இரிந்தா நெல்லு வரும்" என்றார். எனக்குக் கால் வரவில்லை. பதினெட்டுச் சாக்கும் வெறும் நிலத்தில் கிடந்தன. பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்தது.

அண்ணன் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். நான் அவரிடம் போனேன். அமானத்து என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவரை எந்தச் சொல் பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு டயரை அந்தச் சொல்லால்தான் காத்தார்.

"அம்மாண அண்ண" என்றேன். "இந்த நெல்லு அம்மாண."

அவர் தலையை ஆட்டினார். நான் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன். சென்றியைத் தாண்டும்போது மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

ஒன்பது நாள் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் போனது. எந்த வாகனமும் போகவில்லை. மச்சான் சந்தியில் சொல்லிச் சிரித்தார், மாப்பிள்ளையை விட்டது காணாதென்று நெல்லையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று. நான் கடற்கரைப் பக்கமே போகவில்லை. ஓட்டின்மேல் மழை விழும் ஒவ்வொரு நேரமும் நெல் முளைக்கிற சத்தம் கேட்பதுபோல் இருந்தது. மனைவி கடையில் கொத்துக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, அரிசி வாங்கினாள். அந்த நாட்களில் ஒன்றில் பாஸிடம் போய், டயர் எங்கே கிடந்தது என்பதைச் சொல்லி அவருடைய ஐந்து ஓட்டை ரிம்மை வாங்கினேன். அவர் திட்டவில்லை. "இத முந்தியே சொல்லியிரிக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

பத்தாம் நாள் தண்ணீர் வடிந்தது. களத்தில் சாக்கு ஒன்றும் இல்லை. நான் நேரே சவளக்கடை அண்ணனின் வீட்டுக்குப் போனேன். யாரையும் அனுப்பவில்லை.

நெல் வீட்டுக்குள் இருந்தது. அன்றைக்கே சைக்கிளில் ஒவ்வொன்றாகக் கட்டி உருட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். கிழிந்த டயரையும் ஆறு ஓட்டை ரிம்மையும் கீழே போட்டு, மேலே பலகை வைத்து அடுக்கியிருந்தார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முடிக்கவில்லை, அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"வெள்ளம் உள்ளுக்கு வந்திட்டு காக்கா. பலகைக்கு மேலாலயும் ஏறிட்டு. அடியில நாலு சாக்கு முளைச்சிட்டு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், "அம்மாண சொன்ன நெல்லு. நான் காப்பாத்தல்ல."

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். நான் டயருக்குச் சொன்னது அம்மாண இல்லை, அமானத்து. ஒருவரை நம்பி வைக்கிற சாமான். காத்தவரின் பிழை இல்லாமல் அது அழிந்தால் அவர்மேல் குற்றம் இல்லை என்று எனக்கு ஓதித் தந்த லெப்பை சொல்லியிருக்கிறார். நான் வாழ்க்கையில் ஒரு ஆளிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது டயருக்கு, காக்கா. நெல்லுக்கு நீங்க அம்மாண எண்டுதானே சொன்னீங்க."

ஓம், சொன்னேன். தெரிந்துதான் சொன்னேன்.

அவர் உள் அறைக்குப் போய்த் தன்னுடைய நெல்லில் நாலு சாக்கை இழுத்து வந்தார். அவர் மனைவி கதவடியில் நின்று பார்த்தாள். வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது. வீட்டில் ஏழு பேர். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே அந்த நாலையும் பிக்கப்பில் ஏற்றினார்.

பதினெட்டுச் சாக்கோடு வீட்டுக்கு வந்தேன். முளைத்த நாலு சாக்கும் அந்த ஆறு ஓட்டைச் சில்லும் அவர் வீட்டிலேயே நின்றுவிட்டன.